அம்மா யாருடைய மகள்? மண்டபம் குடும்ப அட்டையும் ஒரு கட்டுக் கடிதங்களும்

கொளப்பள்ளிக்காரி எழுதியது:

வணக்கம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர் பலர் இங்கே இருப்பதால் எழுதுகிறேன். நாங்கள் நீலகிரி மாவட்டம், கொளப்பள்ளிப் பக்கம். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா 2009இல் போய்விட்டார். அம்மா இந்தத் தை மாதம்.

அம்மாவைத் தூக்குவதற்கு முன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டும். மாமாவைக் காணவில்லை. எங்கள் மூவரையும் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவர் அவர். என் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிச் சீர் செய்தவர். தேயிலைக்குள் போய் நின்றுகொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்தால், "நான் போடக் கூடாது, வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார். கடைசியில் பெரிய தம்பியின் மாமனார் வீட்டுச் சேலையைப் போர்த்திக் காரியத்தை முடித்தோம். ஊர் பேசியது. பேசாமல் இருக்குமா?

பதினாறாம் நாள் முடிந்து அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலே தாத்தாவின் இந்திய பாஸ்போர்ட், கண்டியில் கொடுத்தது. அதனுடன் 1975இல், கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. இரண்டிலும் மகள் என்று அம்மாவின் பெயர் இருக்கிறது. அடியில் ஒரு கட்டுக் கடிதங்கள். எல்லாம் "என் தங்கச்சிக்கு" என்று தொடங்குகின்றன. ஆனால் அந்தத் தங்கச்சியின் பெயர் அம்மாவின் பெயர் இல்லை. உறையில் மட்டும் அம்மாவின் பெயரும் எங்கள் முகவரியும். அனுப்பியவர் விலாசம் இருந்த மூலை எல்லா உறையிலும் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கிறது.

1978ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் "நம் அப்பா கார்த்திகையில் போய்விட்டார், உனக்குத் தந்தி கொடுக்கக் காசு இல்லை" என்று எழுதியிருக்கிறது. எங்கள் தாத்தா 1996 வரை எங்களோடு இருந்தவர். அப்படியானால் 1978இல் இறந்தது யார்?

பெரிய தம்பி எல்லாவற்றையும் எரித்துவிடு என்கிறான். சின்னவனுக்கு வேறு பயம். அவன் 1988இல் பிறந்தவன், அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கிறது. அம்மாவின் காகிதம் தவறானது என்று தெரிந்தால் நம் குடியுரிமைக்கே ஆபத்து என்று தூங்காமல் இருக்கிறான். நான் என்ன செய்ய?

பழைய வக்கீல் எழுதியது:

முதலில் சின்னத் தம்பியைத் தூங்கச் சொல்லுங்கள்.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே சாதாரணமாக எழாது. நீங்களும் பெரிய தம்பியும் அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்களாக இருந்தால் உங்கள் இருவர் கதையும் அதோடு முடிந்தது. அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். உங்கள் அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி குடியுரிமை பெற்று வந்தவர்தானே? அவருடைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், அதுவே போதும். அம்மாவின் காகிதத்தில் என்ன கோளாறு இருந்தாலும் அது சின்னவரைத் தொடாது.

ஆகவே எரிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பொதுவாகவே பயத்தில் காகிதத்தை எரிக்காதீர்கள். என் அனுபவத்தில் எரித்தவர்கள்தான் பிறகு வக்கீலைத் தேடி வருகிறார்கள்.

பொள்ளாச்சி நண்பன் எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து. உங்கள் அம்மா ஐம்பது ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. மூலையை வெட்டி வைத்தவர் யாரும் தேடக் கூடாது என்றுதானே வெட்டினார்? பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாமா இத்தனை வருடம் செய்ததை நினைத்து அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளறினால் அவர்தான் புண்படுவார்.

கொளப்பள்ளிக்காரி எழுதியது:

விலாசத்தை வெட்டினார், கடிதத்தை எரிக்கவில்லையே. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சுள்ளியா ரப்பர் எழுதியது:

சகோதரி, எங்கள் குடும்பம் தேயிலைக்குப் போகாமல் கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டது. உங்கள் இழையைப் படித்துவிட்டு இரவே எழுத உட்கார்ந்தேன்.

இளையவர்களுக்காக ஒரு சுருக்கம். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் அவர்களைப் பங்கு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போட்டவர்களுக்கு எண்கள். எங்களுக்கு அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். என் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார், சித்தப்பா இலங்கைக்குப் போட்டார். ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), அடுத்தடுத்த காம்பரா (அறை). மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வரும் ரயிலை அழுகைக் கோச்சி என்பார்கள். பிளாட்பாரத்தில் நிற்பவரும் அழுவார், உள்ளே இருப்பவரும் அழுவார், அதனால் அந்தப் பெயர். அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்போதைய பாஸ்போர்ட்டில் பிள்ளைகளுக்குத் தனிப் படம் கிடையாது. பெயரும் பிறந்த தேதியும்தான் இருக்கும். எங்கள் கப்பலில் அண்ணன் மகளைத் தன் மகளாக எழுதிக் கூட்டிவந்த குடும்பம் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். பேசினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் மண்டபத்தோடு போகவில்லை. என் அம்மா 2000க்குப் பிறகும் வாசலில் ஜீப் நின்றால் குடும்ப அட்டையைத் தேடி எடுப்பார்.

கடிதத்தில் ஊர் பற்றி ஏதாவது இருக்கிறதா? கோயில், ஆறு, பாலம், எதுவானாலும்.

கொளப்பள்ளிக்காரி எழுதியது:

எல்லாக் கடிதங்களையும் மறுபடி படித்தேன். தோட்டத்தின் பெயர் எங்கும் இல்லை. "மேல் டிவிஷன்" என்று மட்டும் வருகிறது. ஒரு கடிதத்தில் "மலைக்குப் போகிற சனம் இந்த வருடம் அதிகம், ராத்திரியெல்லாம் பஸ் சத்தம்" என்று இருக்கிறது. 83 இனக்கலவரத்துக்குப் பிறகு எழுதியதில் "டவுனில் கடைகளை எரித்தார்கள், நாங்கள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம்". பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்குதான். கோதுமை மா என்ன விலை, எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், யார் வீட்டில் யார் செத்தார்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அம்மா, "நான் சாமி கும்பிட்ட கோயில் தண்ணீருக்குள் இருக்கிறது, கோடை வந்தால் எழுந்துவரும்" என்பார். கதை என்று நினைத்து, சாமிக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுச் சிரிப்போம்.

மேல்_டிவிஷன் எழுதியது:

அக்கா, அது கதை இல்லை. அது இலங்கை மலைநாட்டில் இருக்கும் மஸ்கெலியா.

நான் அங்குதான் இருக்கிறேன். 1969இல் மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய டவுன் முழுதும் நீருக்குள் போனது. கோயில், விகாரை, கடைத்தெரு எல்லாம். இப்போது உள்ள டவுன் மேட்டில் புதிதாக அமைத்தது. மழை தவறி நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலின் சுவர் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். மலைக்குப் போகிற சனம் என்பது சிவனொளிபாத மலை யாத்திரை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ் எல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும்.

உங்கள் அம்மா பழைய கோயிலில் கும்பிட்டவர் என்றால் 69க்கு முன் நன்றாக விவரம் தெரிந்த வயதில் இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் வயது என்ன போட்டிருக்கிறது?

கொளப்பள்ளிக்காரி எழுதியது:

1963இல் பிறந்ததாக இருக்கிறது. 69இல் ஆறு வயது. பொருந்துகிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் 1976ஆம் ஆண்டுக் கடிதத்தில் அந்த அக்கா, "உனக்குப் பதினைந்து முடிந்துவிட்டது, சேலை கட்டுகிறாயா" என்று கேட்கிறார். காகிதப்படி அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று.

பொள்ளாச்சி நண்பன் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. இப்படித் தேடிப் போய், அங்கே யாரோ "நான்தான் உன் பெரியம்மா மகன்" என்று வந்து பணம் கேட்டால் என்ன செய்வீர்கள்?

மேல்_டிவிஷன் எழுதியது:

பொள்ளாச்சி அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் பணம் கேட்க ஆள் தேடிக்கொண்டிருக்கவில்லை. அக்கா கேட்டதால் சொன்னேன். விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுகிறேன்.

நெறியாளர்:

இருவரும் பொறுமையாக எழுதுங்கள். "அந்த வீட்டார் என்ன சாதி" என்று கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மறுபடி கேட்டால் கணக்கையும் நீக்குவேன்.

கொளப்பள்ளிக்காரி எழுதியது:

நேற்று பாட்டியிடம் போனேன். தொண்ணூறைத் தாண்டிவிட்டார், கண் தெரியாது, புத்தி தெளிவாக இருக்கிறது. கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். "அவள் வைத்திருந்தாளா?" என்றார். பிறகு தானாகவே பேசினார். நடுவில் மாமா உள்ளே வந்தார். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன், ஆனால் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டிக்கு ஒரு மகள் இருந்தாள். பாஸ்போர்ட்டில் எழுதியிருக்கும் பெயர் அந்த மகளின் பெயர். 1963இல் பிறந்தவள் அவள்தான். 73, 74 பஞ்சத்தில் தோட்டத்தில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை, சனம் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்ற காலம். பாஸ்போர்ட் கைக்கு வந்து, பயணத் தேதிக்குக் காத்திருந்தபோது காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். தேயிலை மலை ஓரத்தில் புதைத்தார்கள். அப்போது மாமாவுக்குப் பத்து வயது.

பக்கத்துக் காம்பராவில் தாயை அதே பஞ்சத்தில் பறிகொடுத்த இரண்டு பெண்கள். மூத்தவள் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்து எடுக்கிறாள். இளையவளுக்குப் பதினான்கு வயது. அவர்களின் அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டுப் பதில் வராமல் இருந்தவர். அவர் தாத்தாவிடம் வந்து, "உன் பிள்ளையின் இடம் சும்மா போகிறதே, என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, அங்கே சோறாவது கிடைக்கும்" என்று கேட்டிருக்கிறார். அந்த இளையவள்தான் என் அம்மா.

கோச்சி ஏறும்போது பாட்டி அம்மாவிடம் சொன்னாராம்: "இனி உன் பெயர் இதுதான். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும்." அம்மா அப்படியே இருந்துவிட்டார். அப்பாவுக்குக் கூடச் சொன்னாரா என்று பாட்டிக்குத் தெரியவில்லை. கடிதம் வருவது பாட்டிக்குப் பிடிக்காது. அவள் அக்காவை நினைத்தால் என் மகளாக இருக்க மாட்டாள் என்று பயம். "நான்தான் எழுதாதே என்றேன்" என்று ஒளிக்காமல் சொன்னார்.

மாமா ஒன்றுதான் பேசினார். "நான் அந்தப் பெயருக்கு ஒரு முறை மண் போட்டுவிட்டேன். இரண்டாவது முறை அதே பெயரைச் சொல்லி எப்படிக் கோடி போடுவேன்? அவள் சொந்தப் பெயரைச் சொல்லிப் போடலாம் என்றால் நூறு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்?"

சுள்ளியா ரப்பர் எழுதியது:

மாமாவை யாரும் குறை சொல்ல முடியாது. பாட்டியையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

தேனி வாசகி எழுதியது:

எனக்குப் பாட்டி மேல் கோபம் வருகிறது. பஞ்சம், பயம் எல்லாம் சரி. ஊர் வந்து, வேலை கிடைத்து, பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் அக்காவுக்கு எழுதாதே என்பது என்ன நியாயம்? மகள் இறந்த துக்கத்தை இன்னொரு பெண் தலையில் ஐம்பது வருடம் ஏற்றி வைத்திருக்கிறார். அங்கே அந்த அக்கா தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாரே.

பழைய வக்கீல் எழுதியது:

தேனி வாசகி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தொண்ணூறு வயதில், யாரும் வற்புறுத்தாமல் "நான்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்பவர் எத்தனை பேர்? நீதிமன்றத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். தோட்டத்துப் பிறப்புகளும் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன. கடிதத்தில் உள்ள பெயர், தந்தை பெயர், 1961 என்ற ஆண்டு, இவற்றை வைத்துப் பதிவாளர் அலுவலகத்தில் பிறப்புச் சான்றின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் எழுத்துகள் சிங்கள வழக்கில் மாறியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். இங்கே எந்த அலுவலகத்திலும் அம்மாவின் பெயரை மாற்றப் போய் நிற்காதீர்கள். அது தேவையும் இல்லை, பலனும் இல்லை.

பெரியதம்பி83 எழுதியது:

நான்தான் எரிக்கச் சொன்ன பெரிய தம்பி. அக்கா இங்கே எழுதுவது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. குடும்ப விஷயத்தை ஊர் பேர் தெரியாதவர்கள் முன் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை, அதை அக்காவிடமே சொல்லிவிட்டேன்.

ஆனால் ஏதோ ஊர்ப்பேச்சுக்குப் பயந்தவன் போல என்னை எழுதியிருக்கிறது. இந்த மலையில் எங்களை இன்றும் சிலோன்காரர் என்பார்கள். சாதிச் சான்றிதழுக்கு நான் அலைந்தது எனக்குத் தெரியும். "நீங்கள் எந்த ஊர், பூர்வீகம் எது, ஆதாரம் என்ன" என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான். ஒரு வழியாக மகளின் பள்ளிப் படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன் என்று நினைத்தபோது அம்மாவே வேறு ஆள் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அம்மா அந்தப் பெயரில்தான் அம்மா.

தேனி வாசகி எழுதியது:

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இரண்டு பெயரும் இருந்தன. ஒன்றை நீங்கள் கூப்பிட்டீர்கள், மற்றதை அந்தக் கடிதம் கூப்பிட்டது.

மேல்_டிவிஷன் எழுதியது:

அக்கா, தனிச்செய்தியில் நீங்கள் அனுப்பிய பெயர்களை வைத்து விசாரித்தேன். பழைய கங்காணி வீட்டு ஆட்களுக்கு எல்லா லயமும் அத்துப்படி. பெரியம்மா உயிரோடு இருக்கிறார். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நாடற்றவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுத்த 2003 சட்டத்துக்குப் பிறகுதான் அவர் குடியுரிமை பெற்றிருக்கிறார். அதுவரை அந்த நாட்டுக்கும் இல்லாமல் இந்த நாட்டுக்கும் இல்லாமல் கொழுந்து எடுத்திருக்கிறார்.

ஒன்று மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் விஷயத்தைச் சொன்னதும், "எனக்குத் தங்கை கிடையாது, 75லேயே போய்விட்டாள்" என்று கதவைச் சாத்திவிட்டார். அவருடைய மகள் பின்னால் ஓடிவந்து தொலைபேசி எண் கொடுத்தார். உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பொள்ளாச்சி நண்பன் எழுதியது:

பணம் கேட்பார்கள் என்று நான் எழுதினேன், அவரோ கதவையே சாத்தியிருக்கிறார். மேல்_டிவிஷன் தம்பி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் கிளறாமல் இருந்திருக்கலாம் என்ற என் கருத்து மாறவில்லை.

கொளப்பள்ளிக்காரி எழுதியது:

பெரியம்மா பேசிவிட்டார். மகள் வழியாக அம்மாவின் படம் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு அவரே அழைத்தார். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. "தோடு எங்கே?" என்றார்.

அம்மா போகும்போது பெரியம்மா தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டாராம், அவர்கள் அம்மாவின் தோடு. படத்தில் அது இல்லை. பாட்டியைக் கேட்டேன். மண்டபத்தில் இறங்கிய வாரத்தில் விற்று அரிசி வாங்கினோம் என்றார். அதை அப்படியே பெரியம்மாவிடம் சொன்னேன். "என் தோட்டை விற்க அவர்கள் யார்?" என்று பிடித்துக்கொண்டார். தோட்டில் தொடங்கி, எழுதாமல் விட்டது, அப்பா செத்ததற்குக்கூடப் பதில் போடாதது, எல்லாவற்றுக்கும் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். நடுநடுவே அம்மாவின் உண்மைப் பெயரைச் சொல்லித் திட்டினார். அந்தப் பெயரை ஒருவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. கடைசியில், நாளைக்கும் பேசு, இன்னும் முடியவில்லை என்றார்.

தினமும் பேசுகிறோம். இன்னும் முடியவில்லை. நேற்றுப் பாட்டியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் இரண்டு கிழவிகளும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். பிறகு அந்த லயத்தில் இருந்த பலாமரம் இன்னும் இருக்கிறதா என்பதில் பேச்சு போனது. எனக்குச் சண்டை போட ஒரு பெரியம்மா கிடைத்திருக்கிறார், பாட்டிக்கும் அப்படியே.

மாமா மட்டும் போனைத் தொடவில்லை. தன் அக்காவைப் புதைத்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்கச் சொன்னார். புதுக் கன்று வைத்துவிட்டார்கள், ஆனால் இடம் தனக்குத் தெரியும் என்று பெரியம்மா சொன்னார்.

பெரியதம்பி83 எழுதியது:

நான் இன்னும் இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். அது இருக்கட்டும். மாமா போக வேண்டும் என்கிறார். அவருக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது, தனியாக அனுப்ப முடியாது. மேல்_டிவிஷன், எந்த வழியாக வருவது, எந்த மாதம் சரி? அவருக்குப் புதிதாக பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பழைய குடும்ப அட்டையைக் காட்டினால் கேள்வி கேட்பார்களா?

பழைய வக்கீல் எழுதியது:

மாமாவின் காகிதத்தில் எந்தக் கோளாறும் இல்லையே. அவர் அவராகத்தான் வந்தார். ஆதாரும் வாக்காளர் அட்டையும் வைத்து வழக்கமான முறையில் விண்ணப்பியுங்கள். பிறந்த இடம் இலங்கை என்று உள்ளபடியே எழுதுங்கள். குடியுரிமைக்குச் சான்று கேட்டால் தாத்தாவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் இருக்கிறது. நல்லவேளை, நீங்கள் எரிக்கவில்லை.

மேல்_டிவிஷன் எழுதியது:

அண்ணா, திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கொழும்பிலிருந்து ஹட்டன், அங்கே பஸ் மாறி மஸ்கெலியா. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் இங்கே வெளியே தலைகாட்ட முடியாது, அதனால் மாசி பங்குனியில் வாருங்கள். யாத்திரைக் காலம் என்பதால் சனி, ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும் மட்டும் வேண்டாம், பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது.

பெரியம்மா வீட்டில் தங்கலாமா என்று கேட்டேன். "வரட்டும், பார்க்கலாம்" என்றார். அவருடைய மகள் பாய் வாங்கப் போயிருக்கிறார்.